நெட்டி முறிக்கிற டாக்டர்!

முதுகில் கையை வைத்து ஓர் அழுத்து. 'படக்'கென்று ஒரு சத்தம். எலும்பு முறிஞ்சு போச்சோ என்று பதறாதீர்கள்! மூட்டுக்குள் இருக்கும் திரவத்தில் உண்டாகும் வாயுக் குமிழியால் வரும் சத்தம் அது. விரலில் நெட்டி முறிக்கும்போது வருகிறதே, அதேதான்.

கைரோபிராக்டிக் என்று இதற்குப் பெயர். கிரேக்கச் சொற்களிலிருந்து வந்தது. 'கையால் செய்வது' என்று பொருள். அமெரிக்காவில், அயோவா மாநிலத்து டேவன்போர்ட் ஊரில் 1895-ல் டி.டி. பால்மர் தொடங்கி வைத்தார். காந்த சிகிச்சை செய்துவந்த அவர், காது மந்தமான ஒரு தொழிலாளியின் முதுகெலும்பை அழுத்திவிட, அவருக்குக் காது கேட்டதாம்! நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். 1897-ல் பள்ளிக்கூடமே ஆரம்பித்துவிட்டார்.

"ஏதோ நம்மூர் சுளுக்கு எடுக்கிறவர் மாதிரிதானே?" என்றுதான் நானும் நினைத்தேன். படிப்பைக் கேட்டதும் மலைத்துப் போனேன். அங்கே கல்லூரியில் சுமார் 3 வருஷம் படித்துவிட்டு, அதற்கு மேல் இதற்கென்றே பொதுவாக 4 வருஷம். குறைந்தது 4,200 மணி நேரம். உடற்கூறு, நரம்பு, எக்ஸ்ரே எல்லாம் உண்டு. தேசியத் தேர்வு 4 பாகம், பிறகு மாநில லைசென்ஸ். 'டாக்டர்' பட்டம் உண்டு. ஆனால் ஆபரேஷன் கிடையாது, பொதுவாக மருந்தும் எழுதுவதில்லை.

மகளின் பிரசவத்துக்கு அங்கே போயிருந்தபோது, அவளுடைய இடுப்பு வலிக்கு இவரிடம் போனோம். முதல் நாள் பாதி நேரம் கேள்விகள்தான். வலி குறைந்தது என்றாள். இடுப்பு வலிக்கு இதையும் ஒரு வழியாக 2017-ல் அமெரிக்க மருத்துவர் கல்லூரி ஏற்றிருக்கிறது.

சிக்கல் அப்புறம்தான் வந்தது. சாயங்காலமானால் குழந்தை வீறிட்டு அழும். "இவனையும் அவர்கிட்டே காட்டேன்" என்றாள் பக்கத்து வீட்டம்மாள்.

"என்னம்மா பண்ணலாம்?"

"வேண்டாம்டி" என்றேன். வயிற்றுக் கோளாறு அழுகைக்கு இது பலன் தரும் என்பதற்குத் திடமான ஆதாரம் இல்லை. பெரும்பாலும் 3, 4 மாதத்தில் தானே நின்றுவிடும். 2 வயதுக்குட்பட்ட குழந்தைகளின் முதுகெலும்பை இப்படி அழுத்த வேண்டாம் என்று ஆஸ்திரேலிய வாரியம் 2019-ல் தன் கைரோபிராக்டர்களுக்கே சொன்னது. குழந்தை டாக்டரிடம்தான் போனோம்.

பெரியவர்களுக்கும் கழுத்து விஷயத்தில் ஜாக்கிரதை! கழுத்தைத் திருப்பிய பின், மிக அபூர்வமாக, ரத்தக்குழாய் கிழிந்து பக்கவாதம் வந்ததுண்டு. கால் மரத்துப்போனாலோ, சிறுநீர் அடக்க முடியாவிட்டாலோ, காய்ச்சலோடு முதுகு வலித்தாலோ இவரிடம் போகாதீர்கள். நேரே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.