புதுப் பட்டரி வாங்குமுன்

தலவாக்கலை அணையின் நீர் சுழலியைச் சுழற்ற, 2012 முதல் மேல் கொத்மலையில் மின்சாரம் பிறக்கிறது. நாம் மரக்கறி ஏற்றும் பழைய மோட்டார் சைக்கிளிலும் அவ்வாறே: என்ஜின் காந்தச் சக்கரத்தைச் சுழற்ற, கொயிலில் பிறக்கும் மின்சாரம் ரெகுலேட்டர் வழியே பட்டரிக்குப் போகிறது.

ஆகவே பட்டரி இறங்கியதும் கடன்பட்டுப் புதிது வாங்காதிருப்போம். முதலில் முனைகளில் படிந்த உப்பைத் துடைத்து இறுக்குவோம். பியூஸையும் ஏர்த் வயரையும் பார்ப்போம். நீர் குறைந்திருந்தால் பட்டரித் தண்ணீர் மட்டுமே ஊற்றுவோம். அமிலம் கையில் படக்கூடாது.

பிறகு மெக்கானிக்கிடம் மீட்டர் வைக்கச் சொல்வோம். 12 வோல்ட் பட்டரியில், என்ஜினை முறுக்கும்போது 13.5 முதல் 14.5 வரை காட்ட வேண்டும். ஏறாவிட்டால் வயர், கொயில், ரெகுலேட்டர் ஆகியவற்றைச் சோதிக்க வேண்டும். 15ஐத் தாண்டினால் ரெகுலேட்டர் பழுது. புதுப் பட்டரியும் கொதித்துக் கெடும். எல்லாம் சரியாக இருந்தும் இறங்கினால்தான் பட்டரியை மாற்ற வேண்டும்.