பொலிகிடாத் தேர்வு (மன்னவனூர் செம்மறியாடுகள்)

பொலிகிடாத் தேர்வு என்பது ஒரு செம்மறி மந்தையின் பெட்டை ஆடுகளுடன் இனச்சேர்க்கைக்கு விடப்படும் ஆண் ஆட்டைத் தெரிவு செய்யும் முறை ஆகும். ஒரு பெட்டை ஆடு ஆண்டுக்கு ஒன்றோ இரண்டோ குட்டிகளை ஈனும். ஒரு கிடாவோ ஒரே இனச்சேர்க்கைப் பருவத்தில் 25 முதல் 40 பெட்டைகள் வரை சினைப்படுத்தக்கூடியது. ஆகவே ஒரு பெட்டையைத் தவறாகத் தேர்ந்தால் ஒன்றிரண்டு குட்டிகளோடு அது முடிந்துவிடும். கிடாவைத் தவறாகத் தேர்ந்தால் அந்த ஆண்டில் பிறக்கும் குட்டிகள் அனைத்திலும் அதன் விளைவு தெரியும். பந்தயக் குதிரை வளர்ப்பில் ஓர் இளம் பெண் குதிரைக்குப் பொலிக்குதிரை தேடுவோர் எதிர்கொள்ளும் கேள்விகளில் பலவும் இங்கும் எழுகின்றன.

தமிழ்நாட்டில் இந்தத் தேர்வு ஏடு வைத்து, எடை போட்டு நடக்கும் இடங்களுள் ஒன்று மன்னவனூர். திண்டுக்கல் மாவட்டத்தில், பழனி மலையின் மேல்பகுதியில், கொடைக்கானலிலிருந்து பூம்பாறை வழியாக ஏறத்தாழ 35 கி.மீ. தொலைவில் இவ்வூர் உள்ளது. கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,000 மீட்டர் உயரத்தில் புல்வெளிகளும் ஏரியும் சூழ்ந்த இவ்வூரில், மத்திய செம்மறியாடு மற்றும் கம்பளி ஆராய்ச்சி நிறுவனத்தின் தென்மண்டல ஆராய்ச்சி மையம் 1965 முதல் இயங்கி வருகிறது. தலைமை நிறுவனம் 1962இல் இராசத்தானின் மால்புரா அருகே, இன்று அவிகாநகர் எனப்படும் இடத்தில் தொடங்கப்பட்டது. சுற்றுலாப் பயணிகள் பெரும்பாலும் மன்னவனூர் மையத்தை 'ஆட்டுப் பண்ணை' என்றும் 'முயல் பண்ணை' என்றுமே அறிவர்.

பாரத மெரினோ

மன்னவனூரில் பராமரிக்கப்படும் முக்கிய செம்மறி இனம் பாரத மெரினோ. இராசத்தான் பகுதியைச் சேர்ந்த சோக்லா, நாலி, மால்புரா, ஜெய்சல்மேரி ஆகிய நாட்டினப் பெட்டைகளுடன் ராம்பூலே, சோவியத் மெரினோ ஆகிய அயலினக் கிடாக்களைக் கலந்து அவிகாநகரில் இது உருவாக்கப்பட்டது. அயலினப் பங்கு 75 விழுக்காடாக நிலைநிறுத்தப்பட்டது. ஆடை நெய்வதற்கு ஏற்ற மென்கம்பளியை இந்தியாவிலேயே பெறுவது இதன் நோக்கம். பின்னர் குளிர்ந்த மலைச்சூழல் கொண்ட மன்னவனூர் இம்மந்தையின் இருப்பிடமாயிற்று.

இந்த இனம் உருவான விதமே கிடாத் தேர்வுக்கு ஒரு பாடம். அயல்நாட்டிலிருந்து பெட்டைகளை மந்தை மந்தையாகக் கொண்டுவரத் தேவைப்படவில்லை. வந்த கிடாக்கள் சில. அவற்றின் மரபு தலைமுறை தலைமுறையாக நாட்டுப் பெட்டைகளின் வழியே பரவியது. அதே காரணத்தால், தொடக்கத்தில் பயன்பட்ட சில கிடாக்களின் குறைகளும் மந்தை முழுவதும் பரவ வாய்ப்பு இருந்தது.

நல்ல குட்டி முதலில் விலை போதல்

ஊர்ப்புற மந்தைகளில் கிடாவை யாரும் தேர்ந்தெடுப்பதில்லை என்று சொல்வதே பல இடங்களில் பொருந்தும். வேகமாக எடை போடும் ஆண் குட்டியை வியாபாரி முதலில் கேட்கிறார். பக்ரீத்துக்கோ கோயில் கிடாவெட்டுக்கோ நல்ல விலை கிடைக்கும்போது அது மூன்று நான்கு மாதத்திலோ ஓராண்டிலோ பட்டியை விட்டுப் போய்விடுகிறது. எஞ்சுவது மெதுவாக வளர்ந்த குட்டி. அது பெரிதாகிப் பெட்டைகளோடு மேய்கிறது. அதுவே அடுத்த ஆண்டுக் குட்டிகளுக்குத் தந்தையாகிறது. எவரும் கெட்ட கிடாவைத் தேர்ந்தெடுக்கவில்லை. நல்லதை விற்றதுதான் நடந்தது. பத்து ஆண்டுகள் இப்படி நடந்தால், தீவனமும் மேய்ச்சலும் மாறாமலேயே மந்தையின் வளர்ச்சி குறைந்திருக்கும். கால்நடைத் துறையினர் இதை எதிர்மறைத் தேர்வு என்பர்.

இதற்கு மாற்று வழி செலவு மிகுந்ததன்று. ஒவ்வோர் ஆண்டும் பிறக்கும் ஆண் குட்டிகளுள் முதலில் வளர்ந்த இரண்டு மூன்றை விற்காமல் அடையாளமிட்டு வைப்பதும், மற்றவற்றைக் காயடித்தோ தனியே பிரித்தோ வளர்த்து விற்பதுமே அது. ஆனால் கையில் வரவேண்டிய பணத்தை ஓராண்டு தள்ளிப் போடுவது சிறு மந்தை வைத்திருப்பவருக்கு எளிதன்று. விலை குறைந்த பொலிகிடாக்களை அரசுப் பண்ணைகளும் ஆராய்ச்சி மையங்களும் வழங்குவதன் தேவை இங்குதான் எழுகிறது.

எடையும் ஏடும்

பதிவேடு உள்ள பண்ணையில் ஒவ்வொரு குட்டிக்கும் பிறந்தவுடன் காதுவில்லை பொருத்தி, தாய் எண், தந்தை எண், பிறந்த தேதி, பிறப்பு எடை, ஒற்றைக் குட்டியா இரட்டையா என்பன குறிக்கப்படும். பால் மறக்கும்போதும் ஆறாம் மாதத்திலும் மீண்டும் எடை போடப்படும். கம்பளி இனங்களில் ஆறாம் மாத எடையும் முதல் கத்தரிப்பில் கிடைத்த கம்பளியின் எடையும் தேர்வுக்கு முக்கியமானவை. கம்பளி இழையின் தடிமனும் அளக்கப்படும்; பாரத மெரினோவில் இது 20 மைக்ரானை ஒட்டி அமைகிறது.

எண்களை அப்படியே ஒப்பிடுவது தவறான முடிவுக்கு இட்டுச்செல்லும். ஆறாம் மாதத்தில் 26 கிலோ உள்ள ஒற்றைக் குட்டி ஒன்றும், 23 கிலோ உள்ள இரட்டைக் குட்டி ஒன்றும் இருப்பதாகக் கொள்வோம். முதல் குட்டி தாய்ப்பால் முழுவதையும் தனியே குடித்தது. இரண்டாவது அதைப் பகிர்ந்துகொண்டது. பகிர்ந்து குடித்தும் 23 கிலோவை எட்டிய குட்டியின் மரபு மேலானதாக இருக்கக்கூடும். இதனால் பிறப்பு வகை, தாயின் வயது, பிறந்த மாதம் ஆகியவற்றுக்குத் திருத்தம் செய்த பின்னரே குட்டிகள் வரிசைப்படுத்தப்படுகின்றன.

எல்லாப் பண்புகளும் ஒரே அளவில் குட்டிகளுக்குச் செல்வதில்லை. இழையின் தடிமன் பெரிதும் மரபு வழிப்படும் பண்பு. தந்தையின் இழையைப் பார்த்தே ஓரளவு கணிக்கலாம். உடல் எடை இடைப்பட்டது. ஈற்றுக்கு எத்தனை குட்டி என்பது மரபு வழியில் மிகக் குறைவாகவே கடக்கும். ஓர் எடுத்துக்காட்டு: மந்தைச் சராசரியை விட 6 கிலோ கூடுதலான கிடா ஒன்று தேர்வாகிறது, எடைக்கான மரபுவழித்திறன் 0.25 என்க. கிடாவின் மரபு மேன்மை 1.5 கிலோ, குட்டிக்கு அதில் பாதி, அதாவது 0.75 கிலோ கிடைக்கும். 6 கிலோவை எதிர்பார்த்தவருக்கு இது ஏமாற்றமாகத் தோன்றலாம். ஆனால் 30 பெட்டைகளின் குட்டிகள் அனைத்திலும் சராசரியாக முக்கால் கிலோ கூடுகிறது. அடுத்த தலைமுறையில் அதன் மேல் இன்னும் கூட்டலாம்.

கம்பளியில் வேறொரு சிக்கலும் உண்டு. அதிகக் கம்பளி தரும் ஆட்டின் இழை பொதுவாகச் சற்றுத் தடித்திருக்கும். எடையை மட்டும் நோக்கிக் கிடா தேர்ந்தால் மென்மை குறையும். மென்மையை மட்டும் நோக்கினால் கம்பளி குறையும். கம்பளிக்குச் சந்தையில் விலை குறைந்து கறிக்கு விலை கூடிவரும் இன்றைய நிலையில், பண்ணை வைத்திருக்கும் அளவுகோலும் ஆடு வாங்குவோரின் அளவுகோலும் ஒன்றாக இருப்பதில்லை. மலையில் ஆடு வளர்ப்பவர் கிடாவின் முதுகையும் தொடையையும் முதலில் தடவிப் பார்க்கிறார். கம்பளியைப் பிறகுதான் விரித்துப் பார்க்கிறார்.

இளம் பெட்டைக்கு ஏற்ற கிடா

முதன்முறை சினைக்கு விடப்படும் பெட்டைக்குக் கிடா தேர்வதில் தனிக் கவனம் தேவை. வயதை விட எடையே இங்கு முதன்மையானது. தன் இனத்தின் முழு வளர்ச்சி எடையில் மூன்றில் இரண்டு பங்கை எட்டாத பெட்டையைச் சினைப்படுத்தினால், குட்டியும் தாயும் ஒரே தீவனத்துக்குப் போட்டியிடுகின்றன. சினைக்காலம் ஏறத்தாழ 150 நாள். அதன் கடைசி ஆறு வாரத்தில்தான் குட்டி மிக வேகமாக வளர்கிறது.

பிறப்பு எடை மிகுந்த குட்டிகளைத் தரும் கிடாவை முதல் ஈற்றுப் பெட்டைக்கு விடுவது நல்லதன்று. இடுப்பெலும்பு விரிவடையாத பெட்டையில் ஈனுவது கடினமாகும். குட்டியோ தாயோ இரண்டுமோ இறக்க நேரிடும். அந்தக் கிடாவை மூன்றாம் ஈற்றுப் பெட்டைகளுக்கு விடுவதில் தடையில்லை. எனவே 'சிறந்த கிடா எது' என்ற கேள்விக்கு 'எந்தப் பெட்டைக்கு' என்று திருப்பிக் கேட்டாக வேண்டும்.

குட்டியின் அளவைத் தந்தை மட்டும் முடிவு செய்வதில்லை என்பதைக் குதிரைகளில் நடந்த ஓர் ஆய்வு தெளிவாகக் காட்டியது. 1938இல் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் வால்டனும் ஹேமண்டும் மிகப் பெரிய ஷயர் இனக் குதிரைகளையும் மிகச் சிறிய ஷெட்லாந்து மட்டக் குதிரைகளையும் செயற்கைக் கருவூட்டல் மூலம் இருவழியிலும் கலந்தனர். ஷெட்லாந்துத் தாய்க்குப் பிறந்த குட்டிகள் சிறியவையாகவும், ஷயர் தாய்க்குப் பிறந்தவை பெரியவையாகவும் இருந்தன. கலப்பு ஒன்றுதான், தாயின் கருப்பை குட்டியின் அளவுக்கு வரம்பிட்டது. குதிரையில் இந்த வரம்பு வலுவானது. செம்மறியிலும் தாயின் பங்கு உண்டு. ஆனால் அதை நம்பிப் பெருத்த கிடாவை இளம் பெட்டைக்கு விட இயலாது.

உறவுக்கலப்பு

வெளியிலிருந்து ஆடுகள் அரிதாகவே வரும் மந்தையில், மிகச் சிறந்த கிடாவை மட்டுமே திரும்பத் திரும்பப் பயன்படுத்துவதே பெரும் ஆபத்து. கிடா தன் மகளோடு சேர்ந்தால் பிறக்கும் குட்டியின் உறவுக்கலப்புக் கெழு 25 விழுக்காடு. ஒரே தந்தைக்கு வெவ்வேறு தாய்களிடம் பிறந்தவை சேர்ந்தால் 12.5 விழுக்காடு. இக்கெழு ஏற ஏறக் குட்டி இறப்பு கூடும், வளர்ச்சி குறையும், சினை பிடிப்பதும் தடைபடும்.

200 பெட்டைகள் உள்ள மந்தையில் 5 கிடாக்களை மட்டும் பயன்படுத்தினால் ஒரு தலைமுறைக்கு ஏறத்தாழ 2.6 விழுக்காடு உறவுக்கலப்பு சேரும். அதே மந்தையில் 20 கிடாக்களைப் பயன்படுத்தினால் அது 0.7 விழுக்காடாகக் குறையும். ஒரு தலைமுறைக்கு 1 விழுக்காட்டுக்குள் இருக்க வேண்டும் என்பது இனப் பாதுகாப்பில் பரவலாக ஏற்கப்பட்ட அளவு. ஆகையால், வரிசையில் பன்னிரண்டாம் இடத்தில் உள்ள கிடாவையும் பயன்படுத்த வேண்டிய கட்டாயம் ஏற்படுகிறது. முதலாவது கிடாவால் கிடைக்கும் வேகத்தில் ஒரு பகுதியை விட்டுக்கொடுப்பதே அதன் விலை.

பந்தயக் குதிரை வளர்ப்போர் இதே கயிற்றில் வேறு விதமாக நடக்கின்றனர். இன்றைய தரோபிரெட் குதிரைகள் அனைத்தின் ஆண்வழி மரபும் டார்லி அரேபியன், கோடால்ஃபின் அரேபியன், பையர்லி டர்க் என்னும் மூன்று குதிரைகளில் ஒன்றில் போய் முடிகிறது. செயற்கைக் கருவூட்டலில் பிறந்த குட்டியைத் தரோபிரெட் எனப் பதிவு செய்ய முடியாது. இந்தியாவில் இப்பதிவை மேற்கொள்ளும் அமைப்பு புனேயில் உள்ளது. புகழ்பெற்ற மூதாதை ஒன்றை இருபுறமும் வேண்டுமென்றே கொண்டுவருவதும் அங்கு உண்டு. 2017, 2018 ஆண்டுகளில் பிரான்சின் ஆர்க் பந்தயத்தை வென்ற எனேபிள் என்ற பெண் குதிரைக்கு, தந்தை வழியில் மூன்றாம் தலைமுறையிலும் தாய் வழியில் இரண்டாம் தலைமுறையிலும் சாட்லர்ஸ் வெல்ஸ் என்ற ஒரே குதிரை வருகிறது. வென்ற குதிரையின் பெயர் மட்டுமே செய்தியாகிறது. அதே முறையில் பிறந்து ஓடாமற்போனவற்றை யாரும் எண்ணுவதில்லை. முப்பது ஆடுகளை நம்பிப் பிழைக்கும் குடும்பம் இந்தச் சூதில் இறங்க முடியாது.

கிடாவின் உடற்சோதனை

ஏட்டில் முதலிடம் பெற்ற கிடாவும் சோதனையில் தவறலாம். மேல்தாடையும் கீழ்த்தாடையும் பொருந்தாதது, கால் வளைந்தது, ஒரு விரை இறங்காதது ஆகியவை விலக்கப்படும். விரைகள் இரண்டும் ஒத்த அளவில், கெட்டியாக, கட்டியின்றி இருக்க வேண்டும். விரைப்பையின் சுற்றளவு விந்து உற்பத்தியோடு தொடர்புடையது. வளர்ந்த மெரினோ வகைக் கிடாவில் 30 செ.மீ.க்கு மேல் இருப்பது நல்லது. புருசெல்லா நோய்க்கு இரத்தச் சோதனை செய்வதும் தவிர்க்கக்கூடாதது. ஈரமான மலைப்புல்லில் மேயும் ஆடுகளுக்குக் குளம்பழுகல் ஒரு தொல்லை என்பதால் மன்னவனூர் போன்ற இடங்களில் குளம்பையும் தூக்கிப் பார்க்க வேண்டும்.

மலையிலிருந்து சமவெளிக்கு

மன்னவனூர் மையத்திலிருந்து ஆடுகள் விவசாயிகளுக்கும் வழங்கப்படுகின்றன. திசம்பர், சனவரியில் உறைபனி விழும் இடத்திலிருந்து ஒட்டன்சத்திரம், பழனி பக்கத்து வெயிலுக்கு ஒரு கிடா இறங்கும்போது அதன் விந்தணு உற்பத்தி பாதிக்கப்படக்கூடும். ஒரு விந்தணு உருவாகி வெளிவர ஏறத்தாழ இரண்டு மாதம் ஆகும். ஆகவே வாங்கி வந்த வாரமே கிடாவைப் பெட்டைகளோடு விட்டு, சினை பிடிக்கவில்லை என்று விற்பது பொருளற்றது. இரண்டு மாதம் நிழலும் நீரும் அடர்தீவனமும் கொடுத்துத் தனியே வைத்திருந்து, கோடையின் உச்சம் கழிந்த பின் விடுவதே பொருத்தமாகும்.

பெட்டைகளின் சினைச்சுழற்சி 17 நாள். கிடாவின் நெஞ்சில் வண்ணப்பொடி பூசி விட்டால் அது ஏறிய பெட்டையின் முதுகில் அடையாளம் தெரியும். 17 நாள் கழித்து வண்ணத்தை மாற்ற வேண்டும். முதல் நிறம் பெற்ற பெட்டைகளில் பெரும்பாலானவை இரண்டாம் நிறமும் பெற்றால் சினை பிடிக்கவில்லை என்று பொருள். அப்போது கிடாவைச் சோதிக்க வேண்டும். இரண்டு ஆண்டுகளுக்குப் பின், அதன் மகள்கள் சினைக்கு வரும் முன், கிடாவை வேறு ஊர்க்காரர் ஒருவரின் கிடாவோடு மாற்றிக்கொள்ளலாம். மூன்று ஊர் மந்தைகள் சேர்ந்து சுற்றுமுறையில் மாற்றிக்கொண்டால் ஒரு கிடா தன் பேத்திகளைச் சந்திக்கவே ஆறு ஆண்டுகள் ஆகும். அதற்குள் அதன் பற்கள் தேய்ந்திருக்கும்.