பிழையை அறிந்து பிணி தீர்த்தல்

இரத்த அணுக்களின் பிறப்பிடம் எலும்பு மஜ்ஜை. எப்போது பெருக வேண்டும், எப்போது நிற்க வேண்டும் என்னும் கட்டளைகள் ஒவ்வொரு செல்லின் மரபணுக்களிலும் பொதிந்துள்ளன. அக்கட்டளைகளில் நேரும் மாற்றமே சடுதிமாற்றம் எனப்படும். ஒரேயொரு செல்லில் நேரும் பிழை அதன் வழித்தோன்றல்கள் அனைத்திற்கும் சென்று, இரத்தப் புற்றுநோயாக வளரக்கூடும்.

நாள்பட்ட மைலாய்டு இரத்தப் புற்றுநோய் இதற்குச் சிறந்த சான்றாகும். 1960ஆம் ஆண்டு அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் பீட்டர் நோவெல், டேவிட் ஹங்கர்ஃபோர்டு ஆகிய இருவரும் இந்நோயாளிகளின் செல்களில் இயல்பினும் சிறுத்த குரோமோசோம் ஒன்றைக் கண்டனர். அதற்குப் ‘பிலடெல்பியா குரோமோசோம்’ என்னும் பெயர் வழங்கலாயிற்று. அது சிறுத்ததன் காரணத்தைக் கண்டறிந்தவர் சிகாகோவைச் சேர்ந்த ஜேனட் ரௌலி. குரோமோசோம்களின் ஒளிப்படங்களை வெட்டி, வீட்டின் உணவு மேசைமீது பரப்பி ஒப்பிட்ட அவர், 9ஆம் குரோமோசோமும் 22ஆம் குரோமோசோமும் தம் துண்டுகளை இடம் மாற்றிக்கொண்டதை 1973இல் வெளியிட்டார்.

இவ்விடமாற்றத்தால் தனித்தனியே இருந்த இரு மரபணுப் பகுதிகள் ஒன்றிணைகின்றன. அவ்விணைப்பிலிருந்து தோன்றும் நொதி, அடைக்க இயலாத குழாயைப்போல ஓயாது செயற்பட, வெள்ளையணுக்கள் வரம்பின்றிப் பெருகுகின்றன. இப்பிழை பெற்றோரிடமிருந்து வருவதன்று, பிள்ளைகளுக்குச் செல்வதுமன்று.

பிழை எதுவெனத் தெரிந்தபின் மருந்துக்கு இலக்கும் தெளிவாயிற்று. கீமோதெரபி நலமான செல்களையும் பெருமளவில் தாக்கும். இமாட்டினிப் என்னும் மாத்திரையோ, அந்நொதி இயங்குவதற்கு ஏ.டி.பி. மூலக்கூறு வந்து பொருந்தும் இடத்தில் தானே அமர்ந்து அதனை முடக்குகிறது. பிரையன் டிரக்கரும் அவர்தம் குழுவினரும் 1998இல் தொடங்கிய ஆய்வில், நாள்தோறும் 300 மில்லிகிராமோ அதற்கு மேலோ உட்கொண்ட தொடக்கநிலை நோயாளிகள் 54 பேருள் 53 பேருக்கு இரத்த அணுக்களின் எண்ணிக்கை இயல்புநிலைக்குத் திரும்பியது.

எனினும் சிலரிடம் நொதியின் 315ஆம் அமினோ அமிலம் மாறிவிட, இம்மருந்து பொருந்தாமற்போகிறது. அத்தகையோருக்காகப் பொனாட்டினிப் முதலிய புதிய மருந்துகள் உருவாக்கப்பட்டுள்ளன.

மருந்து கண்டறியப்பட்டால் மட்டும் போதாது. அது நோயாளியின் கைக்கும் எட்ட வேண்டும். இமாட்டினிப்பின் ஒரு வடிவத்திற்குக் காப்புரிமை கோரிய விண்ணப்பத்தைச் சென்னைக் காப்புரிமை அலுவலகம் 2006இல் நிராகரித்தது. உச்ச நீதிமன்றமும் 2013இல் அக்கோரிக்கையை ஏற்க மறுத்தது. அதனால் இந்திய நிறுவனங்கள் அம்மருந்தைக் குறைந்த விலையில் தொடர்ந்து வழங்க முடிந்தது. நோயின் வேரைக் காட்டியது அறிவியல். அதன் பயனை எளியோருக்கும் சேர்ப்பது சமூகத்தின் கடமை.