பெர்னாண்டோ என்னும் பெயர்

தூத்துக்குடிப் பள்ளியொன்றின் வருகைப் பதிவேட்டிலும், இலங்கையில் நீர்கொழும்புப் பள்ளியொன்றின் பதிவேட்டிலும் பெர்னாண்டோ என்னும் குடிப்பெயரைக் காணலாம். கேட்டவுடன், 'இவர் முன்னோர் போர்த்துக்கீசியர் போலும்' என எண்ணுவோர் உளர். அவ்வெண்ணம் பெரும்பாலும் பொருந்தாது என்பேன்.

போர்த்துக்கீசியருக்கே அது வந்த பெயர்தான். 5-ஆம் நூற்றாண்டில் ஸ்பெயினுள் புகுந்த விசிகோத்தியர் என்னும் ஜெர்மானியக் குடியினரின் மொழியிலிருந்து பிறந்தது. அதன் பின்னுறுப்புத் துணிவைக் குறிக்கும். முன்னுறுப்பைப் பயணம் என்பாரும் அமைதி என்பாரும் உண்டு. 711-இல் நிகழ்ந்த படையெடுப்பால் அவர்தம் அரசு வீழ்ந்தது; மொழியும் மறைந்தது; பெயரோ மறையவில்லை! 1248-இல் செவில் நகரைக் கைப்பற்றிய காஸ்டீல் மன்னர் மூன்றாம் பெர்னாண்டோ, 1671-இல் புனிதராக அறிவிக்கப்பெற்றார். மன்னர்க்கும் புனிதர்க்கும் உரிய பெயரை மக்கள் விரும்பிச் சூடியதில் வியப்பென்ன?

ஸ்பானிய மொழியில் அதன் முதலொலி ஹகரமாகத் திரிந்து, பின்னர் அதுவும் தேய்ந்தது. ஆதலின் ஹெர்னாண்டஸ் என்பதற்கும் பெர்னாண்டோவின் மகன் என்பதே பொருள்.

1535-ஐ ஒட்டிய ஆண்டுகளில், போர்த்துக்கீசியரின் படைத்துணை நாடி, முத்துக்குளித்துறைப் பரதவர் திருமுழுக்குப் பெற்றனர். அப்போது அவர்களிடை வந்த பெயர்களுள் இதுவும் ஒன்று, வழிவழியே குடிப்பெயராயிற்று. இலங்கையிலோ சிங்களவர், தமிழர் இருவரும் இதனைச் சூடினர். பெயர் கடல் கடந்தது. குருதி கடந்தது என்பதற்கு அது சான்றாகாது.

ஸ்பானியர் ஹகரமாக்கிய ஒலியை நம் கடற்கரை மக்கள் பகரமாக்கினர். தூத்துக்குடிக்குக் குடிநீர் கொண்டுவந்த நகராட்சித் தலைவரை அந்நகரம் இன்றும் குரூஸ் பர்னாந்து என்றே வழங்குகின்றது.