நம்பிக்கை வேறு, பிடிப்பு வேறு

பந்தயம் தொடங்கச் சற்று நேரமே இருக்கிறது. பதற்றத்தில் ஒருவர் கடவுளைக் கும்பிடலாம்; அறிவியலையும் இறுகப் பற்றிக்கொள்ளலாம். ஆக்ஸ்ஃபோர்டு உளவியலாளர் மிகேல் ஃபாரியாஸும் சகாக்களும் 2013இல் வெளியிட்ட ஆய்வில், போட்டிக்குக் காத்திருந்த படகோட்டிகள், சாதாரணப் பயிற்சியில் இருந்தவர்களைவிட அறிவியல்மீது கூடுதல் நம்பிக்கை தெரிவித்தார்கள். தம் சாவை எண்ணிப் பார்க்கச் சொல்லப்பட்டவர்களிடமும் அந்த நம்பிக்கை கூடியிருந்தது. அறிவியல் வாழ்க்கையை வறட்டிவிட்டது என்று மேடைதோறும் புலம்புவோருக்கு இது நெருடும் செய்தி. ஆனால், மதத்தின் இடத்தை அறிவியல் பிடித்துவிட்டது என்று கொண்டாடுவோரும் அவசரப்பட வேண்டாம். அந்தப் படகோட்டிகள் நாடியது கலக்கத்தில் ஒரு பிடிமானம், அவ்வளவுதான். பொழுது விடிந்தால் செய்வதற்கு நமக்கென்று ஒன்று இருக்கிறது என்ற உணர்வு வேறு வகை. அறிவியலை நம்புவதால் ஆறுதல் வரலாம். வாழ்க்கையில் பிடிப்பு அறிவியலில் இறங்கி உழைப்பவருக்கே வாய்க்கிறது என்பது என் கட்சி.

இதை மறுப்போர் முதலில் தூக்கிக் காட்டுவது இயற்பியலாளர் ஸ்டீவன் வைன்பெர்க்கை. 'முதல் மூன்று நிமிடங்கள்' (1977) நூலின் முடிவில், பிரபஞ்சத்துக்கு நோக்கம் எதுவும் தென்படவில்லை என்று எழுதியவர் அவர். உண்மைதான். ஆனால் அதையடுத்து, ஆராய்ச்சியின் முடிவுகள் தராத ஆறுதலை ஆராய்ச்சி செய்வதே ஓரளவு தருகிறது என்றும் சொன்னார். மேற்கோள் காட்டுவோர் அதை வசதியாக விட்டுவிடுகிறார்கள். சரி, நோபல் பரிசு வாங்குபவருக்கு இது பொருந்தும், மற்றவர்களுக்கு? 2007இல் 'கேலக்ஸி ஸூ' திட்டம் ஏறக்குறைய 10 லட்சம் விண்மீன் மண்டலங்களின் படங்களை இணையத்தில் வைத்து, வடிவம் பார்த்துப் பிரித்துத் தரும்படி பொதுமக்களைக் கேட்டது. ஒரே ஆண்டில் 5 கோடிக்கும் மேற்பட்ட வகைப்பாடுகள் குவிந்தன. சல்லிக்காசு கிடையாது. ஏன் செய்கிறீர்கள் என்று கேட்டபோது, படங்களின் அழகைவிட, அறிவியலுக்குத் தம்மால் ஆனதைச் செய்யவேண்டும் என்பதையே முதன்மைக் காரணமாகப் பலர் சொன்னார்கள்.

இதைவிட வலுவான மறுப்பு நமக்குத் தெரிந்த ஒருவரிடமிருந்தே வருகிறது. 19 வயதில் இங்கிலாந்துக்குக் கப்பலில் போகும்போதே, எரிந்து முடிந்த விண்மீனின் நிறைக்கு வரம்பு உண்டு என்று கணக்கிட்டவர் சுப்பிரமணியன் சந்திரசேகர். 1983இல் நோபல் பெற்றார். அவரே, அறிவியலுக்காக வாழ்க்கையின் மற்றப் பக்கங்களை இழந்துவிட்டேன், வாழ்வு ஒருபக்கமாகச் சாய்ந்துவிட்டது என்று தம் வரலாற்றை எழுதிய காமேஸ்வர் வாலியிடம் வருந்தினார். இது என் வாதத்தைக் கொஞ்சம் சுருக்கத்தான் செய்கிறது: ஒரு வேலை முழு வாழ்க்கையையும் நிரப்பிவிடாது. ஆனால் அவர் வருந்தியது கைநழுவிய இலக்கியத்துக்காகவும் இசைக்காகவும். கணக்குப் போட்ட ஆண்டுகள் வெறுமை என்பதற்காக அல்ல. அந்தக் குறையைச் சொன்ன பிறகும் நியூட்டனின் 'பிரின்சிபியா'வை வரிவரியாகப் படித்துப் பொது வாசகருக்கென்று விளக்கநூல் எழுதினார். அது 1995இல், அவர் மறைந்த ஆண்டில் வெளியானது.