சிலிப் வந்தது, சல்லி வரவில்லை

2024ஆம் ஆண்டு நோன்புப் பெருநாளுக்கு இரண்டு வாரங்கள் இருக்கையில் புறக்கோட்டையிலுள்ள எங்கள் புடவைக் கடையிலிருந்து 64,500 ரூபா பெறுமதியான சரக்கு போய்விட்டது. யாரும் பூட்டை உடைக்கவில்லை. மூன்று டசன் சாரனையும் இரண்டு கட்டு அபாயாத் துணியையும் நானே எண்ணி, நானே பில் போட்டு, நாட்டாமையைக் கூப்பிட்டு அவருடைய தலையில் ஏற்றி அனுப்பி வைத்தேன். போதாக்குறைக்கு வாங்கிய தம்பிக்குப் பெருநாள் வாழ்த்தும் சொன்னேன்.

நடந்தது இதுதான். குருநாகல் பக்கம் கடை வைத்திருப்பதாகச் சொல்லிக்கொண்டு ஓர் இளைஞர் வந்தார். இரண்டு நாட்களுக்கு முன்னரே வட்ஸ்அப்பில் விலை கேட்டிருந்தார். மரியாதையான பேச்சு. சாமான் எடுத்து முடிந்ததும், "முதலாளி, கையில சல்லி கொண்டு வரல்ல, ஒன்லைன்ல போட்டுடுறன்" என்றார். அசர் தொழுகை முடிந்து சனம் நெருக்கிய நேரம். போனைத் தட்டினார். ஒரு நிமிடத்தில் என்னுடைய வட்ஸ்அப்புக்கு சிலிப் வந்தது. வங்கியின் சின்னம், என் பெயர், கணக்கு இலக்கம், தொகை, திகதி, நேரம் எல்லாம் சரி. கீழே பச்சை நிறத்தில் ஒரு 'சரி' அடையாளம் வேறு. நானும் சரி என்றேன்.

இரவு தராவீஹ் தொழுதுவிட்டு வந்து மகனிடம் கணக்கைப் பார்க்கச் சொன்னேன். 64,500 என்று ஒரு வரியும் இல்லை. அந்தத் தம்பியின் போன் அணைந்திருந்தது. மறுநாள் காலை வங்கிக்குப் போனேன். அங்கிருந்த அதிகாரி படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "ஹாஜியார், இது வேற யாருக்கோ போட்ட பழைய சிலிப். பெயரையும் தொகையையும் மாத்தியிருக்காங்க" என்றார். பொலிஸில் முறைப்பாடு எழுதினேன். அத்தோடு சரி.

சல்லி போனதை விட எனக்கு வலித்தது வேறொன்று. மர்ஹூம் வாப்பாவின் கடையில் வளர்ந்தவன் நான். 1980களின் கடைசியில் ஓ.எல். எழுதிவிட்டு கடைக்கு வந்த முதல் வாரத்திலேயே அவர் சொல்லித் தந்த பாடம் செக் பற்றியது. புதிய ஆள் செக் தந்தால் வாங்கு, ரிசீட் கொடு, தேநீரும் கொடு. சாமானை மட்டும் செக் பாஸான பிறகு கொடு. அந்தக் காலத்தில் வெளியூர் செக் ஒன்று பாஸாக ஒரு வாரமும் போகும், அதற்கு மேலும் போகும். சாமான் மூலையில் பெயர் எழுதிக் கட்டி வைக்கப்பட்டிருக்கும். வந்தவர்களில் கோபித்துக்கொண்டவர்களும் உண்டு. வாப்பா அசையமாட்டார்.

பின்னர் 2006இல் செக் தாளை வங்கிக்கு வங்கி காவிச் செல்லாமல், அதைப் படமெடுத்துக் கணினி வழியாக அனுப்பித் தீர்க்கும் முறை இலங்கைக்கு வந்தது. வெளியூர் செக் என்றாலும் அடுத்த வேலை நாளில் முடிவு தெரியத் தொடங்கியது. வாப்பா அப்போது மிகவும் சந்தேகப்பட்டார். "படத்த பாத்து எவன்டா சல்லி குடுப்பான்?" என்று கேட்டார். கடையில் எல்லோரும் சிரித்தோம். அந்தப் படம் ஒரு வங்கியிலிருந்து இன்னொரு வங்கிக்குப் போகும் படம், இடையில் எவனும் கை வைக்க முடியாது என்று நான்தான் அவருக்கு விளக்கம் சொன்னேன். பதினெட்டு வருடம் கழித்து, வாங்க வந்தவனே தன் கையால் அனுப்பிய படத்தைப் பார்த்து நான் சாமானைக் கொடுத்தேன்! வாப்பா இருந்திருந்தால் அவருக்குச் சிரிக்க உரிமை இருந்திருக்கும்.

எங்கள் தெருவுக்கு வந்த எந்தப் புதுச் சாமானுக்கும் நாங்கள் ஒரே மாதிரித்தான் நடந்திருக்கிறோம். முதலில் கேலி. பிறகு பயம். பிறகு அது இல்லாமல் இருக்க முடியாது என்ற நிலை. கல்கியுலேட்டர் வந்தபோது எங்கள் கணக்கப்பிள்ளை அதைத் தொடவே இல்லை. காதில் செருகிய பென்சிலை எடுத்து, பையன் பொத்தான் அமத்தி முடிப்பதற்குள் கூட்டுத்தொகையைச் சொல்லிவிடுவார். இன்று 250ஐ நான்கால் பெருக்குவதற்கும் நான் போனைத் தேடுகிறேன்.

பெக்ஸ் மெஷின் வந்தது இன்னொரு கதை. இந்தியாவிலிருந்து விலைப்பட்டியல் சில நிமிடங்களில் வந்து விழுந்தபோது பக்கத்துக் கடைக்காரர்கள் எல்லாம் வந்து நின்று பார்த்தார்கள். அந்த வழுவழுப்பான தாளைப் பத்திரமாக பைலில் போட்டு வைத்தோம். சில மாதங்களுக்குப் பின் விலையில் ஒரு பிணக்கு வந்து பைலைத் திறந்தால், உள்ளே வெள்ளைத் தாள்! சூட்டினால் எழுத்துப் பதியும் தாள் அது, வெளிச்சமும் வெக்கையும் பட்டால் எழுத்து மங்கிப் போகும் என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. பிணக்கில் நாங்கள் விட்டுக்கொடுக்க வேண்டியதாயிற்று. அதன் பிறகு வரும் ஒவ்வொரு பெக்ஸையும் போட்டோ கொப்பி எடுத்து வைத்தோம். இன்று கடைகளில் தரும் சுருள் பில்லும் பெரும்பாலும் அதே ஜாதித் தாள்தான். உத்தரவாதத்துக்காக அதை வைத்திருப்பவர்கள் ஒரு கொப்பி எடுத்து வைப்பது நல்லது.

கைத்தொலைபேசியில் நாம் பிந்தியவர்கள் அல்லர். 1989இல் செல்டெல் கம்பனி இங்கு சேவையை ஆரம்பித்தபோது தெற்காசியாவிலேயே அதுதான் முதலாவது. ஆனால் எங்கள் தெரு முதலாளிமாரின் கைக்கு அது வரப் பல வருடங்கள் சென்றன. செங்கல் போன்ற போன், வரும் அழைப்புக்கும் காசு. ஆகவே மணி அடித்ததும் வெட்டிவிட்டு, கடைப் போனிலிருந்து திருப்பி எடுப்போம். வாப்பா கடைசி வரை வாங்கவில்லை. கடையில் இருப்பவனுக்குக் கடைப் போன் போதும், கடையில் இல்லாதவன் வியாபாரியே இல்லை என்பது அவர் கட்சி. இப்போது மாலைதீவு போயிருந்தாலும் கடையின் கமெராவைப் போனில் பார்த்துக்கொண்டு, பையன் தேநீர் குடிக்கப் போன நேரத்தைக் கணக்கெடுக்கும் முதலாளிமாரைக் காணும்போது வாப்பா சொன்னதில் பாதி சரியோ என்று தோன்றுகிறது.

வட்ஸ்அப்பை யாரும் கேலி செய்யக்கூட நேரம் கிடைக்கவில்லை. துணியின் படத்தை அனுப்பினால் மட்டக்களப்பிலிருந்து ஓடர் வருகிறது; யார் வேண்டாம் என்பார்? ஆனால் 2018 மார்ச்சில் திகனப் பக்கம் நம்மவர்களின் கடைகளும் வீடுகளும் எரிந்தபோது பேஸ்புக், வட்ஸ்அப், வைபர் எல்லாம் முடக்கப்பட்டன. 2019 ஏப்ரலில் ஈஸ்டர் தாக்குதலுக்குப் பின்னரும் அவ்வாறே நடந்தது. அந்த நாட்களில் என் வாடிக்கையாளர்களில் பாதிப் பேருடைய கடை இலக்கம் என்னிடம் இருக்கவில்லை. கண்டியில் எவர் கடை மிச்சம், எவர் கடை இல்லை என்று விசாரிக்க வேண்டிய நேரத்தில் பழைய விலாசக் கொப்பியைத் தூசி தட்டி எடுத்தேன். 2004க்குப் பிறகு அதில் ஒரு வரியும் எழுதப்பட்டிருக்கவில்லை.

வங்கிச் செயலி என் போனுக்குள் வந்தது 2020 மார்ச் ஊரடங்கின்போதுதான். வங்கிக்கு வங்கி உடனே சல்லி அனுப்பும் செப்ட்ஸ் முறை 2015 முதலே இருந்தது. மத்திய வங்கி லங்கா கியூஆர் முறையைக் கொண்டுவந்ததும் 2018இல். நாங்கள்தான் திரும்பிப் பார்க்கவில்லை. கியூஆர் என்றால் என்ன என்று நாட்டுக்குப் படிப்பித்தது 2022ஆம் ஆண்டு எரிபொருள் வரிசை. மோட்டார் சைக்கிளுக்கு வாரம் நான்கு லீற்றர், முச்சக்கர வண்டிக்கு ஐந்து லீற்றர் என்று ஆரம்பித்தபோது, கையெழுத்துப் போடத் தெரியாதவரும் அந்தக் கட்டம் போட்ட படத்தை லெமினேட் பண்ணிச் சட்டைப் பையில் வைத்திருந்தார். 2023 செப்டெம்பரில் அந்தப் பங்கீட்டு முறை நிறுத்தப்பட்டது. பழக்கம் நின்றுவிட்டது. எங்கள் கடை மேசையிலும் ஒரு கியூஆர் அட்டை வந்து உட்கார்ந்தது.

செயலியை மகன்தான் ஏற்றித் தந்தார். கடவுச்சொல் அவருக்குத் தெரியும், எனக்குத் தெரியாது. சல்லி வந்ததா என்று பார்க்க வேண்டுமானால் மகனைக் கேட்க வேண்டும். அவர் மாலையில் வகுப்பில் இருப்பார். சிலிப்பைப் பார்த்ததும் நான் தலையாட்டியதற்கு உண்மையான காரணம் இதுதான். தன் பெட்டகத்தின் சாவியை இன்னொருவர் வைத்திருக்க, படத்தைப் பார்த்து வியாபாரம் செய்துகொண்டிருந்தேன்.

சூடு கண்ட பூனை என்பார்களே, அதன் பிறகு நான் மறுபக்கம் சாய்ந்தேன். அதில் நடந்த பிழைதான் 64,500ஐ விடப் பெரியது.

அதே வருடம் ஹஜ்ஜுப் பெருநாளுக்குப் பத்து நாட்கள் இருந்தன. வெள்ளிக்கிழமை. அக்கரைப்பற்றிலிருந்து எங்களிடம் வாப்பா காலம் முதல் எடுக்கும் ஒரு ஹாஜியார், "தம்பி, பேங்குல கட்டிட்டன், பாருங்க" என்று சிலிப்பைப் படமெடுத்து அனுப்பினார். கணக்கில் இல்லை. மாலையில் பார்த்தேன், இல்லை. சனிக்கிழமையும் இல்லை. இரவு லொறியில் போக வேண்டிய அவருடைய சாமானை இறக்கச் சொன்னேன். அதோடு விட்டிருக்கலாம். "ஹாஜியார், இப்ப சிலிப்ப வச்சி சாமான் குடுக்குறதில்ல, நெறய ஏமாத்து நடக்குது" என்று குரல் பதிவும் அனுப்பினேன். அவர் பதில் எதுவும் அனுப்பவில்லை.

திங்கட்கிழமை காலை சல்லி வந்திருந்தது, ஒரு சதம் குறையாமல். வங்கியில் கேட்டேன். அவர் செயலியில் அனுப்பவில்லை, கிளைக்குப் போய்ப் படிவம் எழுதிக் கட்டியிருக்கிறார். அது ஸ்லிப்ஸ் என்ற மற்ற முறையில் போயிருக்கிறது. (பெயரைப் பாருங்கள்!) செப்ட்ஸ் போல ஒவ்வொன்றாக உடனே போகாமல், பல கொடுப்பனவுகளை ஒன்றாகச் சேர்த்து, குறித்த நேரங்களில் தீர்க்கும் முறை அது. வெள்ளிக்கிழமை நேரம் தப்பினால் அடுத்த வேலை நாள் திங்கள். ஹாஜியாரிலும் பிழை இல்லை, வங்கியிலும் பிழை இல்லை. முப்பது வருடங்களாக ஒரு செக்கும் திரும்பாத மனிதரிடம் நான் ஏமாத்து என்ற சொல்லைப் பாவித்துவிட்டேன்.

போன் எடுத்தேன். எடுத்தார். "பரவால்ல தம்பி, காலம் அப்பிடித்தானே" என்றார். அந்தப் பெருநாளுக்கு அவர் வேறெங்கோ சாமான் எடுத்துவிட்டார். கட்டிய சல்லி எங்கள் கணக்கில் கிடந்தது. திருப்பித் தரவா என்று கேட்டதற்கு, கிடக்கட்டும் என்றார். அந்தச் சொல் என்னைக் குத்திக்கொண்டே இருந்தது.

அதன் பிறகுதான் மகனைப் பக்கத்தில் உட்கார வைத்துச் செயலியைப் பழகினேன். கடவுச்சொல்லை மாற்றி நானே வைத்துக்கொண்டேன். கண்ணாடி போட்டுக்கொண்டு, ஒரு விரலால் குத்தி, மூன்று நாட்களில் வந்துவிட்டது. ஐம்பத்தைந்து வயதில் இது முடியாத காரியம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். இப்போது யார் சிலிப் காட்டினாலும் சிலிப்பைப் பார்ப்பதில்லை, என் கணக்கைப் பார்க்கிறேன். வங்கியிலிருந்து வந்ததுபோல் வரும் குறுந்தகவலையும் முழுதாக நம்புவதில்லை, ஏனெனில் அனுப்புபவரின் பெயரைப் போலியாகக் காட்டி அனுப்ப வழியிருக்கிறது. மேசையிலுள்ள கியூஆர் அட்டையில் தொகையை அடிப்பவர் வாங்க வந்தவர். ஆகவே 6,450ஐ 645 என்று அடித்துவிட்டுத் திரையை ஒரு நொடி காட்டிச் செல்பவரும் இருப்பார். அதையும் என் போனில் பார்த்த பிறகே பொட்டலம் கைமாறும். காலையில் கடை திறந்ததும், வேறு யாரும் தங்கள் அட்டையை எங்கள் அட்டையின் மேல் ஒட்டியிருக்கிறார்களா என்று பையன் தடவிப் பார்க்கிறார்.

சல்லி தெரியவில்லை என்றால் இப்போது யாரையும் சந்தேகப்பட்டுப் பேசுவதில்லை. எந்த முறையில் போட்டீர்கள், செயலியிலா கிளையிலா என்று மட்டும் கேட்கிறேன். புதிய ஆளின் சாமான், வாப்பா செய்தது போல, பெயர் எழுதிக் கட்டி மூலையில் இருக்கும். பழைய ஆளுக்கு சிலிப்பே தேவையில்லை. அவருக்குக் கடன் கொப்பியில் பக்கம் இருக்கிறது. அவர் அனுப்பியது சிலிப் என்பதற்காக அந்தப் பக்கத்தை நான் மறந்ததுதான் என் பிழை.

விலாசக் கொப்பியையும் புதிதாக எழுதி முடித்தேன். கடை இலக்கம், வீட்டு இலக்கம் எல்லாம் பேனாவால்.

அக்கரைப்பற்று ஹாஜியார் 2025 நோன்புக்கு முன்னர் மீண்டும் ஓடர் அனுப்பினார். பழைய அளவில் பாதி. கூடவே சிலிப்பின் படம். அதன் கீழே, "சல்லி வந்த பொறகு அனுப்புங்க தம்பி" என்று எழுதியிருந்தார். நான் கணக்கைத் திறக்கவில்லை. நாட்டாமையைக் கூப்பிட்டேன். அன்றிரவு லொறியிலேயே சாமான் போனது.