மண்ணின் இறுக்கத்தை உணரும் டிராக்டர் ஹைட்ராலிக்

மாட்டு ஏரில் உழுபவரின் கை எப்போதும் மேழியில் இருக்கும். மண் இறுகிய இடம் வந்ததும் அந்தக் கை அதை அறிந்துகொள்ளும். மாடுகள் திணறாதபடி அழுத்தத்தைச் சற்றுத் தளர்த்துவார். இளகிய மண் வந்ததும் மீண்டும் அழுத்துவார். டிராக்டரில் இந்த வேலையைச் செய்வது ஹைட்ராலிக் அமைப்பில் உள்ள இழுவைக் கட்டுப்பாடு ஆகும். டிரைவர்கள் இதை ‘டிராஃப்ட்’ லீவர் என்பார்கள்.

இந்த லீவரைக் கவனிக்காமல் உழுதால் சக்கரம் வழுக்கும், டீசல் வீணாகும், வேலையும் இழுத்துக்கொண்டே போகும். மணிக்கணக்கில் வாடகை கொடுத்து உழும் சிறு விவசாயிக்கு இது நேரடி நஷ்டம். ஆகவே சொந்த டிராக்டர் இல்லாதவர்களும் இதன் விவரத்தைத் தெரிந்துகொள்வது நல்லது.

வேலை செய்யும் விதம்

கலப்பை, டிராக்டரின் பின்புறம் மூன்று இடங்களில் பொருத்தப்படுகிறது. கீழே இரண்டு இணைப்புக் கைகள். மேலே ஒரு டாப் லிங்க். கொழு மண்ணைக் கிழித்துக்கொண்டு வரும்போது கலப்பையின் மேற்பகுதி முன்னால் சாயப் பார்க்கும். இதனால் டாப் லிங்க் டிராக்டரை நோக்கித் தள்ளும். அது சேரும் இடத்தில் வலுவான ஸ்பிரிங் ஒன்று உண்டு. மண் இறுக இறுக அந்த ஸ்பிரிங் அமுங்கும்.

குறித்த அளவுக்கு மேல் ஸ்பிரிங் அமுங்கியதும் ஹைட்ராலிக் வால்வு நகர்கிறது. பம்ப் தள்ளும் எண்ணெய் சிலிண்டருக்குள் போய்க் கலப்பையைச் சிறிது தூக்குகிறது. சுமை குறைந்ததும் ஸ்பிரிங் விரியும். எண்ணெய் திரும்பி வரும். கலப்பை மீண்டும் இறங்கும். டிரைவர் லீவரைத் தொடாமலே இது நடந்துகொண்டிருக்கும். அதோடு, கலப்பையைத் தூக்கும்போது அதன் எடையில் ஒரு பகுதி பின்சக்கரங்களின் மேல் விழுவதால் சக்கரத்தின் பிடிப்பும் கூடுகிறது.

இந்த முறையை 1920-களில் உருவாக்கியவர் அயர்லாந்தில் பிறந்த ஹாரி ஃபெர்குசன். 1939-ல் அமெரிக்காவில் வெளிவந்த ஃபோர்டு 9என் டிராக்டர் இதைப் பரவலாக்கியது. அதற்கு முன்பெல்லாம் கலப்பை வேரிலோ பாறையிலோ மாட்டினால் டிராக்டரின் முன்பக்கம் தூக்கிக்கொண்டு ஓட்டுபவர் மேல் கவிழ்ந்துவிடும் அபாயம் இருந்தது. டாப் லிங்க் முன்னோக்கித் தள்ளுவதால் முன்சக்கரங்கள் தரையில் நிற்க உதவி கிடைத்தது. 1960-ல் சென்னையில் தொடங்கப்பட்ட டாஃபே நிறுவனம் மாஸி ஃபெர்குசன் டிராக்டர்களைத் தயாரித்ததன் மூலம் இம்முறை நம் வயல்களுக்கும் வந்தது. பெரிய டிராக்டர்கள் பலவற்றில் இப்போது ஸ்பிரிங்குக்குப் பதிலாக, கீழ் இணைப்பின் பின்னில் மின்னணு சென்சார் வைக்கப்படுகிறது. தத்துவம் ஒன்றுதான்.

எந்த லீவர் எப்போது?

பெரும்பாலான டிராக்டர்களில் ‘டிராஃப்ட்’, ‘பொசிஷன்’ என இரண்டு கட்டுப்பாடுகள் உண்டு. டிராஃப்டில் வைத்தால் இழுவைச் சுமை ஒரே அளவில் இருக்கும். ஆழம் சற்று மாறும். பொசிஷனில் வைத்தால், டிராக்டரிலிருந்து கருவி ஒரே உயரத்தில் நிற்கும், சுமை மாறும்.

இறகுக் கலப்பை, சட்டிக் கலப்பை ஆகியவற்றால் மேடு பள்ளமான, இறுக்கம் மாறுபடும் நிலத்தை உழும்போது டிராஃப்ட் ஏற்றது. ரொட்டவேட்டருக்கும், சமன் செய்யும் பலகைக்கும், சேற்றுழவுக்கும் பொசிஷன் ஏற்றது. சேற்றில் டிராஃப்ட் லீவரைப் பயன்படுத்தினால், இளகிய மண்ணில் சுமை குறைவதால் கருவி தேவைக்கு மேல் ஆழமாக இறங்கிவிடும்.

வழுக்கலை அளப்பது எப்படி?

பின்சக்கர டயரில் சுண்ணாம்பால் ஒரு கோடு போடவும். உழும் வயலிலேயே கலப்பையைத் தூக்கிக்கொண்டு சக்கரம் 10 சுற்று சுற்றும்வரை ஓட்டி, கடந்த தூரத்தை அளக்கவும். பிறகு கலப்பையை இறக்கி உழுதபடி அதே 10 சுற்றுக்கு அளக்கவும். முதல் தூரம் 40 மீட்டர், இரண்டாவது 35 மீட்டர் என்றால் வித்தியாசம் 5 மீட்டர். அதாவது வழுக்கல் 12.5 சதவீதம். 15 சதவீதம் வரை இருந்தால் கவலையில்லை. அதற்கு மேல் போனால் ஆழத்தைச் சற்றுக் குறைக்க வேண்டும். டயர் தேய்ந்துள்ளதா என்று பார்க்க வேண்டும். தேவையானால் பின்சக்கரத்துக்கு எடை சேர்க்க வேண்டும்.

கவனிக்க வேண்டியவை

டாப் லிங்க் பின் தேய்ந்து ஆட்டம் கண்டிருந்தால் மண்ணின் தள்ளல் ஸ்பிரிங்குக்குத் தாமதமாகவே போய்ச் சேரும். கலப்பை குதித்துக் குதித்து ஓடும். தேய்ந்த பின்னுக்குப் பதில் ஏதாவது ஒரு போல்ட்டை மாட்டி ஓட்டுவது கூடாது. டாப் லிங்க்கைச் சுருக்கினால் கொழுமுனை மண்ணில் குத்தி இறங்கும். நீட்டினால் முனை மேலே எழும்பும். கலப்பைச் சட்டம் தரைக்குச் சமமாக ஓடும் நீளமே சரியானது. ஹைட்ராலிக் எண்ணெயின் அளவையும் வடிகட்டியையும் கையேட்டில் கண்டபடி கவனிக்க வேண்டும்.

முதல் இரண்டு சால் ஓடியதும் ஆழத்தையும் சக்கரத் தடத்தையும் பார்த்து லீவரைத் திருத்திக்கொள்ளும்படி டிரைவரிடம் சொல்வது நலம். மீதி நேரமும் டீசலும் வீணாகாமல் இருக்கும்.